பிரிண்ட் படம் வைத்த கிறிஸ்துமஸ் கிரேஸி குவில்ட்: எது கெட்டால் என்ன செய்வது

பழைய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் படத்தைத் துணியில் பிரிண்ட் எடுத்து நடுவில் வைக்க வேண்டும். சுற்றிலும் வெல்வெட், சாட்டின், பட்டு என்று கைக்குக் கிடைத்த துண்டுகளைக் கோணல்மாணலாகத் தைத்து, தையல் கோடுகள் மேலெல்லாம் எம்ப்ராய்டரி போட வேண்டும். இப்படி ஒழுங்கில்லாத துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக்குத்தான் கிரேஸி குவில்ட் என்று பெயர். வேலை இவ்வளவுதான். ஆனால் மை, ஐந்தாறு வகைத் துணி, நூல், லேஸ், மணி என்று ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத சங்கதிகள் 10 இன்ச் சதுரத்துக்குள் (இதைத்தான் பிளாக் என்கிறோம், பல பிளாக் சேர்ந்தால் குவில்ட்) சேர்வதால், கெடுவதற்கும் இடம் நிறைய. உங்கள் பிளாக்கில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஹாலோவீன் பூசணிக்காய், காதலர் தின இதயம் என்று செய்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

அதற்கு முன் ஒன்று. சாதாரண குவில்ட்டில் தப்பு வந்தால் தையலைப் பிரித்து மறுபடி தைப்போம். இங்கே பிரிண்ட் படத்தைத் தொடுகிற தையலைப் பிரிக்கக் கூடாது. மை துணியின் மேற்பரப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஊசி போய் வந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் கீழே சொல்லியிருக்கும் பெரும்பாலான வைத்தியம், பிழையின் மேல் ஏதாவது போட்டு மூடுவதுதான். இதில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. 1880களில் அமெரிக்க வீடுகளில் இந்தப் பைத்தியம் பிடித்து ஆட்டிய காலத்திலேயே தையலை எம்ப்ராய்டரியாலும் ரிப்பனாலும் மூடுவதுதான் இந்தக் கலையின் அடிப்படை.

துணி பிரிண்டருக்குள் சிக்கிக்கொள்கிறது

முதலில் உங்களுடையது இங்க்ஜெட் பிரிண்டர்தானா என்று பாருங்கள். லேசர் பிரிண்டர் சூடாக்கி அழுத்துகிற வகை. துணி விறைப்பாக நிற்க அதன் பின்னால் ஃப்ரீசர் பேப்பர் (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூசிய தாள், இஸ்திரி போட்டால் துணியில் ஒட்டும்) ஒட்டுவோம். அப்படி ஒட்டிய துணியை அதில் விட்டால் பேப்பரின் பூச்சு உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். பிறகு பிளாக் இருக்கட்டும், பிரிண்டரே போய்விடும்.

இங்க்ஜெட்டிலும் சிக்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் முன் விளிம்புதான். உள்ளே முதலில் நுழையும் ஓரத்தில் ஒரே ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், உருளை அதைப் பிடித்து இழுத்துவிடும். துணியைப் பேப்பரோடு சேர்த்து இஸ்திரி போட்டபின், நான்கு பக்கமும் ரோட்டரி கட்டரால் (சக்கரக் கத்தி) ஒரு நூல் அளவு சீவி விடுங்கள். முன் விளிம்பில் மட்டும் மெல்லிய டேப் ஒன்றை மடித்து ஒட்டுங்கள். மூலைகள் தூக்கிக்கொண்டிருந்தால் மறுபடி இஸ்திரி. ஒரு நேரத்தில் ஒரே தாள். பின்பக்கத்திலிருந்து நேராகத் தாள் போகும் வசதி பிரிண்டரில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அடித்தட்டிலிருந்து எடுக்கும் பிரிண்டரில் தாள் வளைந்து திரும்புவதால் துணி பிரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம்.

நம் ஊர்க் கடைகளில் ஃப்ரீசர் பேப்பர் கிடைப்பது அபூர்வம். முழு ஏ4 அளவு ஸ்டிக்கர் தாளில் துணியை ஒட்டியும் எடுக்கலாம், நன்றாகவே வருகிறது. ஒட்டும்போது துணியின் நேர் நூல் தாளின் ஓரத்துக்கு இணையாக இருக்கட்டும். கோணலாக ஒட்டிவிட்டால், தாளை உரித்த பிறகு துணி இழுபட்டு, படத்தில் இருக்கும் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

வண்ணம் செத்துப்போய்த் தெரிகிறது, சாண்டாவின் தாடி மஞ்சளாக இருக்கிறது

வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. தாடி, பனி, தேவதையின் சிறகு, குல்லாய் ஓரத்து ரோமம், எல்லாமே துணியின் சொந்த நிறம்தான். காடா துணியில் எடுத்தால் பனி மஞ்சளாகத்தான் விழும். பளிச்சென்று வெளுத்த, நெருக்கமாக நெய்த பருத்தி வேண்டும். நெசவு தளர்ந்திருந்தால் மை இழை இடுக்கில் இறங்கி முகங்கள் கலங்கிப்போகும்.

வண்ணம் மங்குவதற்குக் காரணம் வேறு. தாளைவிடத் துணி மையை அதிகம் உறிஞ்சுகிறது. திரையில் பார்க்கும்போது கொஞ்சம் ‘ஓவர்’ என்று தோன்றும் அளவுக்கு நிறச்செறிவைக் கூட்டுங்கள், நிழல் பகுதிகளை வெளிச்சமாக்குங்கள். கரும்பச்சை ஹாலி இலைகள் (கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் வரும் முள் ஓர இலைகள்) துணியில் கறுப்பாகவே விழும் என்பதால் பச்சையை மட்டும் தனியாக ஏற்றுவது நல்லது. பழைய அட்டையின் பழுப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால் அதை விட்டுவிடுங்கள், வெல்வெட் பக்கத்தில் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் முழுத்தாள் எடுக்கும் முன், அதே துணியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மாதிரி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

படம் கட்டம் கட்டமாக, அல்லது புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

இரண்டும் வேறு வேறு நோய். கட்டம் என்றால் படக் கோப்பு சிறியது. அச்சாகும் அளவில் ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி வேண்டும். 3க்கு 4 இன்ச் படத்துக்கு 900க்கு 1200 பிக்சல். அதற்குக் குறைவாக இருந்தால் படத்தைச் சிறிதாக்கி எடுங்கள், பெரிதாக்காதீர்கள்.

புள்ளி என்றால் அது பழைய அட்டையின் சொந்தப் புள்ளி. பாஸ்டனில் லூயி பிராங் 1870களில் கொண்டுவந்தது போன்ற வண்ணக் கல்லச்சு அட்டைகளில், பல கற்களிலிருந்து ஒன்றன் மேல் ஒன்றாக நிறம் ஏற்றுவார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்தின் சிவப்பே பொடிப்புள்ளிகளின் கூட்டம்தான். அட்டை அளவிலேயே எடுத்தால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். ஸ்கேன் செய்யும் மென்பொருளில் இருக்கும் புள்ளி நீக்கும் வசதியைப் போட்டு, கொஞ்சம் மழுங்கடித்து எடுங்கள்.

படம் எடுப்பதில் இன்னொன்றும் உண்டு. நேற்று யாரோ வரைந்த படத்தை எடுத்துப் போட்டு பிளாக்கை விற்கப் போனால் சிக்கல் வரும். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு கடந்த அட்டைகள் அங்கே பொதுச்சொத்து. 1900–1909இல் வந்த ஹாலோவீன், கிறிஸ்துமஸ் அஞ்சலட்டைகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். அழகிலும் அவைதான் மேல்.

எழுத்து இடவலம் மாறி விழுந்திருக்கிறது

டி-ஷர்ட்டுக்கான இஸ்திரித் தாளில் எடுத்திருக்கிறீர்கள். அதில் படத்தைத் திருப்பிப்போட்டு எடுக்க வேண்டும். உண்மையில் அந்தத் தாளே இந்த வேலைக்கு வேண்டாம். துணி மேல் பிளாஸ்டிக் தோல் போலப் படிந்துவிடும், கை ஊசி இறங்காது, அடுத்த தடவை இஸ்திரி வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும்.

தண்ணீர் பட்டதும் மை ஊறிவிட்டது

எல்லாரையும் அழவைக்கிற கோளாறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

பிரிண்டர் மையில் இரண்டு ஜாதி. டை மை தண்ணீரில் கரைந்த சாயம். பிக்மென்ட் மை தண்ணீரில் மிதக்கும் நிறத்துகள். பிக்மென்ட் துணியில் ஓரளவு பிடித்து நிற்கும். டை, தண்ணீரைப் பார்த்தால் கிளம்பிவிடும். பல வீட்டுப் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் டை. அதனால்தான் ஈரம் பட்டதும் சாண்டாவின் கோட்டு ரோஸாக ஓடும், பக்கத்தில் இருக்கும் எழுத்து மட்டும் கம்பீரமாக நிற்கும். உங்கள் பிரிண்டரில் எந்த மை என்று பெரும்பாலும் மைக்குப்பியின் மேலேயே போட்டிருக்கும்.

இன்னும் தைக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. ஏற்கெனவே பதப்படுத்தி விற்கும் பிரிண்ட் துணித்தாள் வாங்குங்கள், அல்லது மையைத் துணியில் பிடித்து நிறுத்தும் பபிள் ஜெட் செட் போன்ற திரவத்தில் துணியை ஐந்து நிமிடம் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு பேப்பரில் ஒட்டி எடுங்கள். இது பருத்தியிலும் பட்டிலும்தான் வேலை செய்யும். பாலியெஸ்டரில் செய்யாது. எடுத்த படத்தை அரை மணி நேரமாவது காயவிட்டு, நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டு, அப்புறம் அலசுங்கள். அலசுவதிலும் ஒரு பக்குவம் உண்டு. அகலமான தட்டில் நிறையக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, படத்தை விரித்தபடியே மிதக்கவிட்டு, லேசாக ஆட்டுங்கள். துணி மடிந்து தன்மேலேயே பட்டால், கோட்டில் இருந்து கிளம்பிய சிவப்பு நேராகத் தாடியில் போய் உட்காரும். எடுத்ததும் பிழியாமல் துண்டின் மேல் விரித்துவிடுங்கள்.

தைத்த பிறகு ஊறியிருந்தால், ஈரம் காயும் முன் வெள்ளை டிஷ்யூவை மேலேயும் கீழேயும் வைத்து அழுத்துங்கள், தேய்க்காதீர்கள். நின்றுபோன கறையை மறைக்கத்தான் வேண்டும். வானத்தில் ஊறியிருந்தால் வெள்ளை நூலில் சிறுசிறு ஃப்ரெஞ்ச் நாட் (முடிச்சுத் தையல்) போட்டுப் பனி பெய்யவிடுங்கள். ஓரத்தில் என்றால் லேஸ். முகத்தில் என்றால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதே அளவில் புதுப் படம் எடுத்து, ஓரம் மடித்து, பழையதன் மேலேயே வைத்துக் கை ஊசியால் கட்டிவிடுங்கள்.

ஊறியது பிரிண்ட் மைதானா என்பதையும் பாருங்கள். கிறிஸ்துமஸ் சிவப்பும் பச்சையும் சாயம் போவதில் பேர்பெற்றவை. நனைத்த வெள்ளைத் துணியை வெல்வெட் மேல் அரை நிமிடம் அழுத்தினால் தெரிந்துவிடும். நிறம் வந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடுங்கள். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று சொல்வார்கள், நம்பி இறங்காதீர்கள். தண்ணீரில் மறையும் நீலப் பேனாவும் இந்த பிளாக்குக்கு ஆகாது, அதை அழிக்கத் தண்ணீர் வேண்டுமே. தையல்காரரின் சாக்பீஸ் போதும்.

படத்தின் ஓரம் தையலுக்குள் போய்விட்டது

மூன்று ஞானிகளில் ஒருவர் காணாமல் போவது இப்படித்தான். தையலுக்குக் கால் இன்ச் போகும். கோணலாகத் தைப்பதால் சில இடத்தில் அரை இன்ச்சும் போகும். ஒரே தாளில் நாலு படம் அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் முக்கால் இன்ச்சாவது விடுங்கள். விட்ட இடம் வெறும் வெள்ளையாக இல்லாமல், படத்தின் பின்னணி நிறத்தையே சுற்றிலும் நீட்டிவிட்டால் தையல் எங்கே விழுந்தாலும் தெரியாது. துணியை வெட்டும் முன் தாளில் அதே அளவு சன்னல் ஒன்று வெட்டி, படத்தின் மேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். சன்னலுக்குள் தெரிவதுதான் கடைசியில் மிஞ்சும்.

ஏற்கெனவே போய்விட்டதா? பிரிக்க வேண்டாம் என்று சொன்னேன். வெட்டுப்பட்ட விளிம்பின் மேல் ஒரு ரிப்பன் வைத்து, அதன் மேல் ஹாலி இலைகளை லேஸி டெய்சி தையலில் (இதழ் போன்ற வளையத் தையல்) போடுங்கள். ஞானி இலைகளுக்குப் பின்னால் நிற்பதாக ஆகிவிடும்.

படத்துக்குள் கருநிழல் விழுகிறது

வெளிர்வானத்துக்கு அடியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடுகிறதா? பக்கத்து வெல்வெட்டின் தையல் ஓரம் படத்துணிக்கு அடியில் மடங்கி நிற்கிறது. படத்துணி மெல்லியது, அடியில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். துண்டுகளை மேலே வைத்துத் தைக்கிற அடித்துணியின் பின்பக்கம் வெட்டித் திறந்து அந்த ஓரத்தைச் சீவிவிடலாம், ஆனால் கை நடுங்கினால் படமே போய்விடும். அடுத்த பிளாக்கில் தைக்கும் முன்பே படத்தின் பின்னால் இஸ்திரி போட்டால் ஒட்டும் வெள்ளை கேன்வாஸ், அதிலும் இருப்பதிலேயே மெல்லியது, ஒட்டிவிடுங்கள். நிழலும் போகும், ஓரம் பிசிறுவதும் நிற்கும், எம்ப்ராய்டரிக்குத் துணி கெட்டியாகவும் இருக்கும்.

தைத்த இடத்தில் மை உதிர்கிறது, துளை தெரிகிறது

மழுங்கிய ஊசி. மெஷினில் 70 அல்லது 75ஆம் எண், கூர் முனை ஊசி புதிதாக மாட்டுங்கள். பந்து முனை ஊசி வேண்டாம். கையால் போடும்போது நூலைவிட ஊசி ரொம்பப் பெருத்திருக்கக் கூடாது. முகங்களின் மேல் ஊசி வைக்காமல் இருப்பதே நல்லது.

துண்டுகள் சேரும் மூலையில் அடித்துணி எட்டிப்பார்க்கிறது

அடித்துணி மேல் துண்டை வைத்துத் தைத்துத் திருப்பும் முறையில் இது எல்லாருக்கும் வரும். நடுவில் ஐந்து பக்கத் துண்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு துண்டையும் முந்தையதன் ஓரத்தை முழுதாகத் தாண்டும்படி வைத்துத் தைத்தால் குறையும். படம் செவ்வகமாக இருந்தால் ஒரு மூலையைச் சாய்வாகச் சீவி ஐந்து பக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான்கு பக்கத்தையும் அப்படியே விட்டால், சுற்றிச் சுற்றி இணைகோடுகளாகப் போய் ஜன்னல் சட்டம் மாதிரி ஆகிவிடும்.

எட்டிப்பார்க்கிற ஓட்டைக்கு முக்கோணத் துண்டு ஒன்றை ஓரம் மடித்து மேலே வைத்துக் கையால் தைத்துவிடலாம். பழைய குவில்ட்களில் இந்த இடத்தில் விசிறி உருவம் வைத்திருப்பார்கள், இல்லை என்றால் சிலந்திவலை. 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியின் ஜப்பானிய அரங்கு இந்த மோகத்துக்கு ஒரு தூண்டுதல் என்று சொல்வார்கள், விசிறி அங்கிருந்து வந்த ஜாடைதான். ஹாலோவீன் பிளாக் என்றால் சிலந்திவலையே போதும், மூலை ஓட்டைக்கென்றே பிறந்தது அது.

துண்டின் நடுவே தொப்பை

திருப்பியதும் இஸ்திரி போடாமல் அடுத்ததைத் தைத்துவிட்டீர்கள், அல்லது துண்டு குறுக்கு நூலில் வெட்டப்பட்டு இழுபட்டுவிட்டது. சின்னத் தொப்பை என்றால் நடுவில் ஒரு மணியோ பட்டனோ வைத்து அடித்துணியோடு சேர்த்துக் கட்டுங்கள். பெரிது என்றால் மிச்சத் துணியை ஒரே பக்கமாகச் சாயும் பிளீட்டாக மடித்து, மடிப்பு ஓரத்தில் ஃபெதர் ஸ்டிச் (இறகு போலக் கிளைவிடும் தையல்) ஓட்டுங்கள். பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே செய்ததாகத்தான் நினைப்பார்கள்.

எம்ப்ராய்டரி முடிந்ததும் பிளாக் சிறுத்துவிட்டது, சதுரமாக இல்லை

சிறுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒவ்வொரு தையலும் துணியை ஒரு மயிரிழை உள்ளே இழுக்கிறது. தையல் கோடு அத்தனையிலும் ஹெர்ரிங்போனும் (ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும் தையல்) ஃபெதரும் போட்டு முடிக்கும்போது 10 இன்ச் பிளாக் கால் இன்ச், அரை இன்ச் குறைந்திருக்கும். எந்தப் பக்கம் அதிகம் தைத்தீர்களோ அந்தப் பக்கம் அதிகம்.

அதனால் முதலிலேயே அளவாக வெட்டாதீர்கள். 10 இன்ச் பிளாக்குக்கு அடித்துணி 13 இன்ச். அதற்குக் காடா துணி அருமை, ஆனால் தண்ணீரில் போட்டுச் சுருங்கவைத்துக் காயவைத்த பிறகு. துண்டுகள் 12 இன்ச் வரை போகட்டும். இறுதி அளவை நிற நூலில் பெரிய ஓட்டுத் தையலாகக் குறித்துக்கொள்ளுங்கள், எம்ப்ராய்டரியைக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே வரை கொண்டுபோங்கள். வேலையெல்லாம் முடிந்தபின் கண்ணாடி ஸ்கேல் வைத்துப் படம் நேராக நிற்கிறதா என்று பார்த்து, பத்தரை இன்ச்சுக்கு வெட்டுங்கள். ஃப்ரேமில் மாட்டித் தைப்பது உதவும், ஆனால் வெல்வெட்டையும் படத்தையும் வளையத்துக்குள் நசுக்காதீர்கள், அச்சு விழும். ஃப்ரேம் பெரிதாக இருக்கட்டும், இரவு கழற்றிவிட்டுப் படுங்கள்.

ஏற்கெனவே வெட்டிய பிளாக் சிறுத்துவிட்டால் நான்கு பக்கமும் வெல்வெட் பட்டை ஒட்டி அளவுக்குக் கொண்டுவரலாம். எல்லா பிளாக்குக்கும் அதே பட்டை போட்டால் சட்டம் போட்டதுபோல நன்றாகவே இருக்கும்.

படம் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி தனியாக நிற்கிறது

தையலில் குற்றம் இல்லை, ஆனாலும் கண் உறுத்துகிறது. இதை யாரும் பிழை என்று சொல்ல மாட்டார்கள், ஆனால் சுமாரான பிளாக்குக்கும் நல்ல பிளாக்குக்கும் வித்தியாசம் இங்கேதான்.

முதலில் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். படத்தை ஒட்டி இன்னொரு பூப்போட்ட துணி, அதை ஒட்டி நட்சத்திரம் போட்ட துணி என்றால், எதைப் பார்ப்பது என்று கண்ணுக்குப் புரியாது. படத்தைத் தொடும் துண்டுகள் ஒரே நிறமாக, பளபளப்பு மட்டும் மாறும்படி இருக்கட்டும்: ஒரு வெல்வெட், ஒரு சாட்டின், ஒரு மங்கல் பட்டு. ரவிக்கை தைத்து மிஞ்சிய பட்டு வெட்டுகள் இதற்கு அற்புதம். பூத்துணி ஓரங்களுக்குப் போகட்டும்.

அடுத்து, எல்லையை உடையுங்கள். படத்தின் நான்கு பக்கமும் ஒரே லேஸைச் சுற்றினால் போட்டோ பிரேம். ஒரு பக்கம் லேஸ், இன்னொரு பக்கம் ஃபெதர் ஸ்டிச்சின் கிளைகள் படத்துக்குள் கால் இன்ச் நீண்டு வரட்டும். படத்தில் ஃபிர் மரக்கிளை இருக்கிறதா? அதன் நுனியைப் பச்சை நூலில் தொடர்ந்து, தையல் கோட்டைத் தாண்டி பக்கத்து வெல்வெட் மேல் கொண்டுபோங்கள். மரத்து மெழுகுவத்திச் சுடர்களில் ஒவ்வொரு பொன்மணி. பனிக்கு வெள்ளைப் பொடிமணி, அதுவும் படத்துக்குள் மூன்று, வெளியே ஐந்து என்று சிதறட்டும். படத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும் நீலத் தாவணி நிறத்தை எடுத்து, பிளாக்கின் எதிர் மூலையில் ஒரு தையல் வரிசையில் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடும்.

தையல் போட்டும் தெரியவில்லை என்றால் நூல் மெலிசு. கரும் வெல்வெட் மேல் இரண்டு இழை நூல் முங்கிவிடும், 8ஆம் எண் பெர்ல் காட்டன் (முறுக்கிய பருத்தி எம்ப்ராய்டரி நூல்) எடுங்கள்.

வெல்வெட் நழுவுகிறது, நசுங்குகிறது

குண்டூசியை நம்பாமல் கையால் பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிட்டு மெஷினில் தையுங்கள். இஸ்திரிக்கு இன்னொரு வெல்வெட் துண்டை மேஜையில் விரித்து, முகத்தோடு முகம் வைத்துப் பின்பக்கமாகப் போடுங்கள். படத்தின் மேல் பேக்கிங் பேப்பர் (கேக் சுடும் தட்டில் விரிக்கும் தாள்) வைக்காமல் இஸ்திரி கூடாது.

ஜரிகை நூல் உரிந்துபோகிறது

நீளத்தைக் குறையுங்கள், 45 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஊசிக் காது பெரிதாக இருக்கட்டும்.

பழைய பட்டு மடிப்பில் கிழிகிறது

பாட்டி புடவையை வெட்டிப் போட ஆசை வருவது இயல்பு. முதலில் ஓர் ஓரத்தை மடித்து, நகத்தால் அழுத்தி, லேசாக இழுத்துப் பாருங்கள். கோடு போட்டாற்போல் பிரிந்தால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டு கிரேஸி குவில்ட்கள் பல இன்று கந்தலாகத் தெரிவதற்கும் பட்டுதான் காரணம். எடை கூடட்டும் என்று அன்றைய ஆலைகள் பட்டில் வெள்ளீயம், இரும்பு உப்புகளை ஏற்றின, அவை இழையையே தின்றுவிட்டன. பின்னால் கேன்வாஸ் ஒட்டினால் ஓரளவு தாங்கும். தைத்த பிறகு கிழிந்தால் அதே நிற மெல்லிய நெட் துணியை மேலே போர்த்தி ஓரம் கட்டுங்கள்.

பிளாக்குகளைச் சேர்க்கும்போது ஊசி உடைகிறது

விளிம்பில் மணி இருக்கிறது. ஓரத்திலிருந்து முக்கால் இன்ச்சுக்குள் மணி, பட்டன் எதையும் பிளாக்குகளைச் சேர்த்து முடிக்கும் வரை வைக்காதீர்கள். சேர்த்த பிறகு கை ஊசியால் வைத்துக்கொள்ளலாம். பின்துணி கொடுக்கும்போது மெஷினில் குவில்ட்டிங் (அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் தையல்) ஓட்டவும் வேண்டாம். இவ்வகைக் குவில்ட்டில் பெரும்பாலும் உள்ளே பஞ்சு கிடையாது, அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டிவிடுவதுதான் வழக்கம்.

போன வருஷம் பளிச்சென்று இருந்தது, இந்த டிசம்பரில் எடுத்தால் மங்கல்

வெயில். டை மைக்கு ஜன்னல் வெளிச்சமே எமன். ஜனவரி முதல் வாரம் கழற்றிவிடுகிற பழக்கம் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெயில் படாத சுவரில் மாட்டுங்கள், எடுத்ததும் படத்தின் மேல் வெள்ளைத் துணி வைத்து, மடிக்காமல் அட்டைக் குழலில் முகம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் நிற்கும். பாச்சை உருண்டை போட்டால் அது துணியை நேராகத் தொடாமல் இருக்கட்டும், மணியிலும் ஜரிகையிலும் கறை ஏறக்கூடும். படம் ஏற்கெனவே மங்கியிருந்தால் அதன் மேல் கோட்டோவியமாக ஒற்றை இழையில் வெளிக்கோடுகளை மட்டும் தைத்துவிடலாம், ஊசித் துளைகள் அந்த நூலுக்கு அடியிலேயே போய்விடும். அது முடியாது என்றால் அசல் கோப்பைத் தேடுங்கள். படக் கோப்பை அழிக்காமல், எந்தத் துணியில் எவ்வளவு நிறம் ஏற்றினீர்கள் என்ற குறிப்போடு சேர்த்து வைத்திருந்தால், புதுப் படம் எடுத்துப் பழையதன் மேல் வைத்துக் கட்ட ஒரு மாலைப்பொழுது போதும்.